வெள்ளையாய்த் தெரியும் அந்த ஒரு நிமிடம்

தாயறை – 11

போன வாரம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தொட்டதும் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். எழுதியவருக்கு 49 வயது. ‘நான் வருஷம் தவறாமல் அடிவயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் நார்மல் என்றுதான் வருகிறது. இதற்கு மேல் எனக்கு எதற்குத் தனியாக ஒரு பரிசோதனை?’ என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. என் சித்தியும் இதையேதான் கேட்டார். மாதவிடாய் நின்று மூன்று வருஷம் கழித்து அவருக்கு லேசாக உதிரம் பட்டது. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை நார்மல், சினைப்பை நார்மல். அந்த ஃபைலை பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரப்படுத்திவிட்டார். அதன் பிறகு எப்போது உதிரம் பட்டாலும், “ஸ்கேன்லயே ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கே” என்று அந்த ஃபைலைத்தான் எடுத்துக் காட்டுவார். அந்த ஒன்றரை வருஷத்தில் அவரைப் படுக்கவைத்து, விளக்கைப் பிடித்து, உள்ளே ஒருமுறை பார்த்தவர் யாருமில்லை. கடைசியில் வேறோர் ஊரில் ஒரு டாக்டர் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அதற்குள் நோய் பக்கத்துத் திசுக்களுக்குப் பரவியிருந்தது.

அந்த ‘ஒருமுறை பார்ப்பது’ எப்படி நடக்கிறது, அதில் என்ன தெரிகிறது என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றின் மேல் குளிர்ச்சியான ஜெல்லைத் தடவி எடுக்கிறார்களே, அந்த ஸ்கேன் ஒலியலையால் பார்ப்பது. கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் காட்டும். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் காட்டும். கர்ப்பப்பையின் உள்வரி தடித்திருந்தாலும் காட்டும். ஆனால் கர்ப்பப்பை வாயைப் போர்த்தியிருக்கும் மேல்தோல் அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய மாற்றங்கள் அனைத்தும் அந்த மெல்லிய போர்வைக்குள்ளேதான் நடக்கின்றன. சதை, கொழுப்பு, மூத்திரப்பை எல்லாவற்றையும் கடந்து வெளியிலிருந்து வரும் ஒலியலைக்கு அது பிடிபடாது. சி.டி. ஸ்கேனுக்கும் பிடிபடாது. எம்.ஆர்.ஐ. மிக நல்ல கருவிதான். ஆனால் அதன் வேலை, புற்றுநோய் என்று உறுதியான பிறகு அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்வது. ஆகவே, ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருப்பதற்கும் கர்ப்பப்பை வாயின் தோல் நலமாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு வரி என் சித்திக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த மெல்லிய போர்வையைப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சத்தை அந்த இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கும் படக்கருவிகள் அநேகமாக எல்லாமே ஒளிக் கருவிகளாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த இடம் எது என்று முதலில் தெரிந்துகொள்வோம். கர்ப்பப்பை வாயின் வெளிப்புறத்தில் பல அடுக்குகள் கொண்ட வெளிர் நிறத் தோல் இருக்கிறது; நம் கன்னத்தின் உட்புறத்தைப் போன்றது. வாய்க்குள்ளே போகும் குழாயில் ஒற்றை அடுக்குச் செல்கள். அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் தெரிவதால் அது சிவந்து காணப்படும். இந்த இரண்டும் சந்திக்கும் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. பருவம் அடையும்போதும் பிள்ளை உண்டாகும்போதும் வெளியே நகர்ந்து வருகிறது. வயது ஏற ஏற உள்ளே போய்விடுகிறது. கோடு நகரும் வழியில் ஒரு வகைச் செல் இன்னொரு வகையாக உருமாறிக்கொண்டே இருக்கிறது. எச்.பி.வி. வைரஸ் பற்றிக்கொள்ளும் இடம் இந்த வளையம்தான். ஹாரல்டு ஸூர் ஹாவுசன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் குழு 1983இல் எச்.பி.வி.யின் 16ஆம் வகையையும் அடுத்த வருஷம் 18ஆம் வகையையும் இந்தப் புற்றுநோய்க் கட்டிகளில் கண்டுபிடித்தது. அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. 

வைரஸ் தொற்றிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு வருஷங்களில் உடலே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் தோல் மெல்ல மெல்ல மாறுகிறது. அது புற்றுநோயாக முற்ற வழக்கமாகப் பத்துப் பதினைந்து வருஷங்கள் ஆகும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அது. வேறெந்தப் புற்றுநோயும் இவ்வளவு தாராளமாக நேரம் கொடுப்பது அரிது.

கொடுத்த நேரத்தை வீணடித்தால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு கொடுமையின் வழியாகத்தான் தெரிந்துகொண்டது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் தேசிய மகளிர் மருத்துவமனை. அங்கே ஹெர்பர்ட் கிரீன் என்ற பேராசிரியர், இந்த முன்நிலை மாற்றம் புற்றுநோயாக முற்றாது என்று நம்பினார். 1966 முதல் ஒரு பகுதிப் பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துக்கொண்டே இருந்தார். கவனிக்கப்படுகிறோம் என்பது அந்தப் பெண்களுக்கே தெரியாது. அதே மருத்துவமனையில் கால்போஸ்கோப் வைத்துப் பார்க்கும் பில் மெக்கிண்டோ என்ற மருத்துவர், நோய் முற்றுவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. அவரும் சகாக்களும் 1984இல் அந்த விவரங்களைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதைப் படித்த சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்க்கிள் என்ற இரண்டு பெண்கள் 1987இல் ‘மெட்ரோ’ பத்திரிகையில் எழுதிய பிறகுதான் அரசு விசாரணை வைத்தது. பின்னாளில் கணக்குப் பார்த்தபோது, முறையாகச் சிகிச்சை பெறாத பெண்களில் 30 வருஷத்துக்குள் சுமார் 31 சதவிகிதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. சரியான சிகிச்சை பெற்றவர்களில் அது ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. ‘முன்நிலையிலேயே சரிசெய்துவிட்டால் புற்றுநோய் வராது’ என்று டாக்டர்கள் இன்று உறுதியாகச் சொல்கிறார்களே, அந்த உறுதிக்கு விலை கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்.

கால்போஸ்கோப் என்றேன் அல்லவா, அதைச் சொல்கிறேன். 1925இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்செல்மன் என்ற மகப்பேறு மருத்துவர், இரட்டைக் கண் உருப்பெருக்கியை ஒரு தாங்கியில் பொருத்தி, பளிச்சென்று ஒரு விளக்கையும் சேர்த்துக் கர்ப்பப்பை வாயைப் பார்த்தார். உடலைக் கீறாமல், கிள்ளாமல், தொடக்கூடச் செய்யாமல், சற்றுத் தள்ளி நின்றே பல மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் கருவி அது. ஆரம்பத்தில் கடுகளவு கட்டிகள் தெரியும் என்று எதிர்பார்த்தார். அவர் கண்டது வேறு. வெளுத்த திட்டுகள், தரை ஓடு பதித்தாற்போன்ற ரத்தக் குழாய்க் கோலங்கள், புள்ளி புள்ளியாய்த் தெரியும் நுண்குழாய்கள். 1938 வாக்கில் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கத் தடவிப் பார்க்கும் முறையையும் கொண்டுவந்தார்.

இதே ஹின்செல்மன், நாஜி ஆட்சியில் ரோமா, சிந்தி இனப் பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ததற்காகப் போருக்குப் பின் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் 10ஆம் கட்டடத்தில் கைதிப் பெண்களைக் கால்போஸ்கோப்பால் பார்த்து, திசுவை வெட்டியெடுத்து ஹாம்பர்க்குக்கு அனுப்பினார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவர் ஹின்செல்மனிடம் பயின்றவர். பெண்களைக் காப்பாற்றும் கருவியைப் பற்றி எழுதும்போது இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

வியன்னாவில் வால்டர் ஷில்லர் இன்னொரு வழியைக் கண்டார். பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பருக்கையின் மேல் அயோடின் சொட்டு விட்டு அது கருநீலமாவதைப் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்தின் உறவுக்காரப் பொருளான கிளைக்கோஜன் நலமான கர்ப்பப்பை வாய்த் தோலில் நிறைய இருக்கிறது. அயோடினைத் தடவினால் அந்தத் தோல் அடர் பழுப்பாகிவிடும். மாறத் தொடங்கிய தோலில் கிளைக்கோஜன் இருக்காது. அது மஞ்சளாகவே நிற்கும். 

அசெட்டிக் அமிலம் இதற்கு நேர்மாறான வேடிக்கை காட்டுகிறது. நம் சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். 3 முதல் 5 சதவிகிதக் கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவிவிட்டு, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நலமான தோல் அப்படியே இளஞ்சிவப்பாக இருக்கும். மாறிய தோல், நம் கண்ணெதிரிலேயே வெள்ளையாகும். முட்டையின் வெள்ளைக்கரு பச்சையாக இருக்கையில் கண்ணாடிபோல் இருக்கிறது. சூடு பட்டதும் வெளுத்துவிடுகிறது அல்லவா, கிட்டத்தட்ட அப்படி. மாறிய செல்களின் உட்கரு பெரிதாகி, நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அமிலம் பட்டதும் அங்குள்ள புரதங்கள் திரண்டு, விழும் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கின்றன. ஒளி உள்ளே இறங்கி அடியிலுள்ள ரத்தத்தின் சிவப்பை வாங்கிவர முடியாமல் மேலேயே திரும்பிவிடுவதால் இடம் வெள்ளையாகத் தெரிகிறது. முட்டையைப் போல இது நிலைப்பதில்லை; சில நிமிடங்களில் மங்கி மறைந்துவிடும். பார்ப்பவர் பார்க்க வேண்டியது அந்தச் சில நிமிடங்களுக்குள்தான்.

இந்த வெள்ளையைப் பார்ப்பதற்கு உருப்பெருக்கிகூடக் கட்டாயமில்லை. நல்ல விளக்கும் பழகிய கண்ணும் போதும். அது உயிரைக் காக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்த இடங்களில் முக்கியமானது, நம் திண்டுக்கல் மாவட்டம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து செய்த ஆய்வு அது. லியோனிலிருந்து அதை வழிநடத்தியவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். மாவட்டத்தில் 114 ஊராட்சித் தொகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல 57ஐப் பரிசோதனைக்கும் 57ஐ வழக்கமான கவனிப்புக்கும் பிரித்தார்கள். 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுப் பெண்களில் 31,343 பேர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற நர்சுகள். அமிலத்தைத் தடவிப் பார்த்தது, வெள்ளை தெரிந்தவர்களைக் கால்போஸ்கோப்பில் பார்த்தது, சந்தேகப்பட்ட இடத்திலிருந்து துளி திசு எடுத்தது, உறைகுளிர் வைத்து அந்தத் தோலை அழித்துச் சிகிச்சை கொடுத்தது எல்லாமே அவர்கள்தான்.

முடிவு 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊராட்சிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவிகிதம் குறைந்திருந்தது. அதனால் நேர்ந்த மரணம் 35 சதவிகிதம் குறைந்திருந்தது. 30 முதல் 39 வயதுப் பெண்களில் மட்டும் பார்த்தால், மரணம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. அதுவும் எப்படி? ஆயுளில் ஒரே ஒரு முறை பார்த்ததற்கு! அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவே இல்லை. அவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் சுரேந்திர சாஸ்திரி குழுவினர், பத்தாம் வகுப்புப் படித்த பெண்களையே பயிற்றுவித்துச் செய்த பெரிய ஆய்விலும் மரணம் 31 சதவிகிதம் குறைந்தது. உலகில் பல ஏழை நாடுகள் இந்த முறையைக் கையிலெடுக்கத் துணிந்ததற்குப் பின்னால் திண்டுக்கல் சீமைப் பெண்கள் இருக்கிறார்கள். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அதே சமயம், இந்த முறையின் பலவீனத்தையும் திண்டுக்கல்லே காட்டியது. பார்க்கப்பட்டவர்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு ‘வெள்ளை தெரிகிறது’ என்று முடிவு வந்தது. அவர்களில் பலருக்குக் கவலைப்படும்படி எதுவும் இல்லை. புண் இருந்தாலும் வெளுக்கும். அழற்சி இருந்தாலும் வெளுக்கும். வைரஸ் பட்டு ஆறிக்கொண்டிருக்கும் தோலும் வெளுக்கும். எது மெய்யான வெள்ளை, எது போலி வெள்ளை என்பதில் இரண்டு நர்சுகளுக்குள்ளே ஒத்துப்போகாது. ஒரே நர்சுக்குக் காலையில் தெரிந்தது, நாற்பது பேரைப் பார்த்துக் களைத்த மாலையில் தெரியாமல் போகலாம். கண் களைத்துப்போகும் அந்த இடத்தில்தான் கருவிகள் வந்து நிற்கின்றன.

முதலில் வந்தது, தோல் தானாகவே உமிழும் ஒளியைப் படிக்கும் வழி. புற ஊதா லேசரைப் பாய்ச்சினால் நம் திசுவில் உள்ள சில பொருள்கள் மெல்லிய நீல ஒளியை உமிழ்கின்றன. மாறிய திசு உமிழும் ஒளி வேறு மாதிரி இருக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த நிர்மலா ராமானுஜம், 1994இல் தன் வழிகாட்டி ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் உள்ளிட்டோருடன் சேர்ந்து இதைக் கர்ப்பப்பை வாயிலேயே அளந்து காட்டினார். ஆசிரியரும் மாணவியும் அதன் பிறகு ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஆனால் இருவரும் இந்த நோயை விடவில்லை.

ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் குழு உருவாக்கியது ஒரு நுண் உள்நோக்கி. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒளியிழைக் கற்றை. அதன் நுனியைச் சந்தேகப்பட்ட இடத்தில் மெதுவாக வைத்தால் திரையில் செல்களின் உட்கருக்கள் நட்சத்திரங்களைப் போல மின்னும். அவை மின்னுவதற்குப் புரோஃபிளேவின் என்ற மஞ்சள் சாயத்தைத் தடவுகிறார்கள். பிறந்த குழந்தையின் தொப்புளில் பூசும் மூவண்ண மருந்தில் ஒன்றாகப் பல காலம் இருந்தது அது. உட்கருக்கள் சிறிதாக, சீராகத் தள்ளித் தள்ளி இருந்தால் பயமில்லை. பெருத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தால் கவனிக்க வேண்டும். வழக்கமாகத் திசுவைக் கிள்ளியெடுத்து, லேபுக்கு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து தெரிந்துகொள்வதை, கிள்ளாமல் அங்கேயே அப்போதே பார்க்க முயலும் வழி இது.

பிரேசிலின் பாரேட்டோஸ் புற்றுநோய் மருத்துவமனை இந்தக் கருவியை ஒரு வேனில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. முதல் பரிசோதனையில் சந்தேகம் வந்த பெண்களில் ஒரு பகுதியினரைப் பெரிய மருத்துவமனைக்கு வரச்சொன்னார்கள். மற்றவர்களை வேனிலேயே பார்த்தார்கள். மருத்துவமனைக்கு வரச்சொன்னவர்களில் நிறையப் பேர் வரவில்லை. வேன் தேடிப்போன பெண்களில் பெரும்பாலோர் பரிசோதனையை முழுதாக முடித்துக்கொண்டார்கள். எனக்கு இந்த முடிவு, கருவியின் கூர்மையைவிட முக்கியமாகப் படுகிறது. ‘அடுத்த வாரம் டவுன் ஆஸ்பத்திரிக்கு வாங்க’ என்ற வார்த்தையில்தான் நம்மூரிலும் பாதிப் பெண்கள் தொலைந்துபோகிறார்கள். கூலி போகும், பஸ் காசு வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், என்ன ஏது என்று மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

டியூக் பல்கலைக்கழகத்தில் ராமானுஜம் குழு செய்தது கையடக்கக் கால்போஸ்கோப். நான்கு சக்கரத் தாங்கியில் நிற்கும் பெரிய கருவியைக் கைப்பைக்குள் அடங்கும்படி சுருக்கிவிட்டார்கள். குச்சி போன்ற கருவியின் நுனியில் கேமராவும் விளக்கும் இருக்கின்றன. தூர நின்று பெரிதாக்கிப் பார்ப்பதற்குப் பதில் அது அருகே போய்ப் பார்க்கிறது. பிறகு, ஸ்பெக்குலம் என்ற அந்த வாத்து மூக்கு இடுக்கியே வேண்டாம் என்று காலா அல்லிப் பூவின் வடிவத்தில் இன்னொன்றைச் செய்தார்கள். பெண் தானே அதை உள்ளே செலுத்தித் தன் கர்ப்பப்பை வாயைத் தானே திரையில் பார்க்கலாம். ஸ்பெக்குலத்தின் குளிர்ந்த இரும்பை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேறு சில வழிகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமிலம் பட்ட தோல் எவ்வளவு வேகமாக வெளுக்கிறது, எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்பதை நொடி நொடியாக அளந்து வண்ண வரைபடமாகக் காட்டும் கால்போஸ்கோப் கிரீஸில் கோஸ்டாஸ் பாலாஸின் ஆய்விலிருந்து பிறந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவ மதிப்பீட்டு அமைப்பு 2012இல் அதற்குப் பரிந்துரை கொடுத்தது. கண் டாக்டர்கள் விழித்திரையை அடுக்கடுக்காகப் பார்க்கப் பயன்படுத்தும் ஓ.சி.டி. முறையைக் கர்ப்பப்பை வாய்க்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரைதான் அது பார்க்கும். நமக்கு வேண்டிய ஆழமும் அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கதையில் சற்று நிற்க வேண்டும். கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்தே பகுதியில் 1990களில் சுமார் 9,400 பெண்களின் கர்ப்பப்பை வாயைப் படமெடுத்து, ஏழு வருஷம் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு, அந்தப் பழைய படங்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து 2019இல் முடிவை வெளியிட்டது. நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறியும் திறனை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். 1 என்றால் தவறே இல்லை. கணினி 0.91 வாங்கியது. அதே படங்களைப் பார்த்த நிபுணர்கள் 0.69. செல்போனில் படமெடுத்தால் போதும், பிரச்சினை தீர்ந்தது என்று செய்திகள் பறந்தன.

தீரவில்லை. அந்தப் படங்கள் எல்லாம் ஒரே வகைக் கேமராவில், ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. வேறு கேமரா, வேறு விளக்கு, வேறு நாட்டுப் பெண்கள் என்று வந்ததும் கணினி தடுமாறியது. ஒரே பெண்ணுக்கு அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களுக்கு இரண்டு விதமான பதில் சொன்னது. அதை ஆராய்ந்தவர்களே இந்தக் குறைகளை 2022இல் வெளிப்படையாக எழுதி, பல நாட்டுப் படங்களோடு மறுபடி அடியிலிருந்து தொடங்கினார்கள். அந்த நேர்மைக்கு என் வணக்கம். ஆனால் நம்மூரில் யாராவது ‘செல்போன் ஆப் போதும், கேன்சர் இல்லை என்று சொல்லிவிடும்’ என்று விற்க வந்தால் நம்பாதீர்கள்.

இப்போது உலக சுகாதார நிறுவனம் முதல் படியாகச் சொல்வது, எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் சுமார் 1,31,000 பெண்களிடம் நடந்த ஆய்வில் அந்த ஒரு பரிசோதனை மரணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. பெண்ணே தனியறையில் மெல்லிய குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். வைரஸ் இல்லை என்றால் பல வருஷங்களுக்கு நிம்மதி. வைரஸ் இருந்தால், அது தோலை மாற்றத் தொடங்கிவிட்டதா, மாற்றியிருந்தால் எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் என்று பார்த்தாக வேண்டும். அதை டி.என்.ஏ. சொல்லாது. ஒளிக்கருவிகளின் உண்மையான இடம் அந்த இரண்டாம் படி. அங்கே படம் தெளிவாக இருந்தால், அதே மேசையில், அதே நாளில், சூட்டுக் கருவியாலோ உறைகுளிராலோ அந்தத் தோலை நீக்கிவிடலாம். அரைமணி நேரத்தில் அந்தப் பெண் வீட்டுக்கு நடந்து போகலாம். படம் தெளிவாக இல்லாவிட்டால், உள்ளே ஆழமாகப் போயிருக்குமோ என்ற ஐயம் வந்தால், திசு எடுத்துப் பார்ப்பதைத் தவிர இன்றைக்கும் வேறு வழியில்லை.

2022 கணக்குப்படி இந்தியாவில் ஒரே வருஷத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்தப் புற்றுநோய் வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவிகிதம், தமிழ்நாட்டில் 9.8. மற்ற மாநிலங்களைவிட நாம் மேல் என்று சொல்லிக்கொள்ளலாம். திண்டுக்கல்லில் உலகத்துக்கே பாடம் நடத்திய மாநிலத்தில், பத்தில் ஒன்பது பெண்கள் அந்த மேசையில் ஒருமுறைகூடப் படுத்ததில்லை என்றும் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது.

அந்த வாசகிக்கு என் பதில்.

அம்மா, உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். அவை வேறு விஷயங்களுக்கு உதவும். இதற்கு உதவா. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். மாதவிடாய் இல்லாத ஒரு நாளில் போங்கள். “கோடு முழுசாகத் தெரிகிறதா சிஸ்டர்?” என்று நர்சிடம் கேளுங்கள். உங்கள் வயதில் அந்தக் கோடு உள்ளே நகர்ந்துபோயிருக்க வாய்ப்பு உண்டு. முழுசாகத் தெரியவில்லை என்றால், வெள்ளை தெரியாததை வைத்து நிம்மதி அடையாதீர்கள், எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையோ, செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ கேட்டு வாங்குங்கள். உறவுக்குப் பிறகு உதிரம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலோ எந்த முகாமுக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போய், உள்ளே விளக்குப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் ஸ்கேன் மட்டும் எழுதிக் கொடுத்தால், இன்னொரு மருத்துவரிடம் போங்கள்.

(அடுத்த வாரம்: எச்.பி.வி. தடுப்பூசி – யாருக்கு, எப்போது, எத்தனை ஊசி)